மீன் இறந்த பின் வரும் கேள்விகள்

லாஸ்பேட்டையிலிருந்து: ஐயா, புதுத் தொட்டியில் இரண்டு கோல்டு ஃபிஷ் விட்டோம். தண்ணீர் பளிங்குபோல இருந்தது; வாரந்தோறும் ஃபில்டர் பஞ்சைக் குழாயடியில் நன்றாகக் கழுவினேன். மூன்றாம் வாரம் இரண்டும் மேலே வந்து வாயைப் பிளந்து மூச்சுத் திணறி இறந்தன. உடலில் புள்ளியோ புண்ணோ இல்லை. இது என்ன நோய்?

பதில்: நோயைவிட அம்மோனியாவையே நான் முதலில் சந்தேகிப்பேன். மீன் வெளியேற்றும் அம்மோனியாவை ஒருவகை பாக்டீரியா நைட்ரைட்டாகவும், மற்றொரு வகை அதனை ஓரளவு தீங்கற்ற நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. இவை பஞ்சிலும் கூழாங்கற்களிலும் பெருகி நிலைபெறப் பொதுவாக 4 முதல் 6 வாரங்கள் பிடிக்கும்; குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரில் பஞ்சைக் கழுவும்போதெல்லாம் அவற்றைத்தான் கொன்றுகொண்டிருந்தீர்கள். தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே பஞ்சை இலேசாக அலசினால் போதும். அம்மோனியா கண்ணுக்குத் தெரியாது என்பதால் பளிங்குத் தண்ணீரை நம்ப முடியாது. காரத்தன்மை மிகுந்த போர் தண்ணீரிலும் கோடை வெப்பத்திலும் அதன் நச்சுத்தன்மை கூடும். மீன் திணறும்போது செய்ய வேண்டியது, குளோரின் நீக்கிய, அதே வெப்பநிலையிலுள்ள தண்ணீரால் பாதியளவை மாற்றி, தீனியை நிறுத்துவதுதான். என்னவென்று அறியாமல் மருந்து ஊற்றுவது, என் பார்வையில், கடைக்காரருக்கு மட்டுமே பயன்படும்.

கடலூர் முதுநகரிலிருந்து: மோலி மீனுக்கு ரவை தூவியதுபோல வெள்ளைப் புள்ளிகள் வந்தன. மருந்திட்டதும் மறைந்தன, நிறுத்தினேன். சில நாளில் இரட்டிப்பாக வந்து மீன் போய்விட்டது. மருந்து போலியா?

பதில்: மருந்து சரியானதாகவே இருந்திருக்கலாம். புள்ளிக்குள் இருக்கும் ஒட்டுண்ணியை மருந்து எட்டாது. அது முதிர்ந்து உதிர்ந்து, தொட்டியின் அடியில் ஒட்டிப் பிளந்து, நூற்றுக்கணக்கான குஞ்சுகளாகத் தண்ணீரில் நீந்தும் குறுகிய வேளையில்தான் மருந்துக்கு வேலை. புள்ளிகள் மறைந்த அந்த நாள்தான் அடியில் அவை பெருகிக்கொண்டிருந்த நாள். ஆகவே, புள்ளி மறைந்த பின்னும் ஒரு வாரமாவது மருந்தைத் தொடர வேண்டும். ஃபில்டரில் கரி இருந்தால் எடுத்துவிடுங்கள். அது மருந்தை உறிஞ்சிவிடும்.

வில்லியனூரிலிருந்து: ஆர்.ஓ. தண்ணீர் மட்டும் ஊற்றலாமா?

பதில்: வேண்டாம். அதில் தாது உப்புகள் மிகக் குறைவு; போர் தண்ணீருடன் கலந்து பயன்படுத்துங்கள்.

நெல்லிக்குப்பத்திலிருந்து: பிழைக்காது என்று தெரிந்த மீனைக் கெடிலம் ஆற்றில் விட்டுவிடலாமா அண்ணா? வீட்டில் சாவதைப் பார்க்க மனம் வரவில்லை.

பதில்: உங்கள் மனம் புரிகிறது, ஆனால் ஆற்றிலோ ஊசுட்டேரியிலோ விடுவது, நோயையும் அயல் மீனையும் சேர்த்து விடுவதாகும். துடிக்கும் மீன் அமைதியாக இறக்கக் கிராம்பு எண்ணெய் உண்டு: அந்த எண்ணெயை வெதுவெதுப்பான தண்ணீரில் நன்றாகக் குலுக்கி, மீன் இருக்கும் சிறு பாத்திரத்தில் சிறிது சிறிதாகச் சேர்த்தால் அது முதலில் மயங்கும். பிறகு அளவைக் கூட்டி, செவுள் அசைவு நின்ற பின்னும் 10 நிமிடங்களுக்குக் குறையாமல் அப்படியே விட வேண்டும். அதன் பின் மண்ணில் புதையுங்கள்.

மீண்டும் லாஸ்பேட்டையிலிருந்து: அடுத்த மீனை எப்போது வாங்கலாம்?

பதில்: ஃபில்டரை நிறுத்தாமல், காலித் தொட்டியில் நாள்தோறும் ஒரு சிட்டிகை தீனி போட்டு வாருங்கள், அது அழுகித் தரும் அம்மோனியாவே பாக்டீரியாவுக்கு உணவு. சோதனைத் திரவத்தில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் சுழியம் காட்டியபின், ஒரே ஒரு மீனை மட்டும் வாங்குங்கள்.