ஒதுக்கிய பணம் எங்கே இருக்கிறது? சில சொல் சந்தேகங்கள்

எங்கள் ஊர்ப் பாலத்துக்கு நிதி ஒதுக்கீடு செய்ததாகச் செய்தி வந்து மூன்று வருடம் ஆகிறது. ஒரு கல்கூட இறங்கவில்லை. ஒதுக்கீடு என்றால் பணம் வந்துவிட்டது என்றுதானே பொருள்?

இல்லை. ஒதுக்குவது, விடுவிப்பது, செலவிடுவது மூன்றும் வேறு வேறு. சட்டமன்றத்தில் துறைவாரியாக மானியக் கோரிக்கை, அதாவது இந்தத் துறைக்கு இவ்வளவு பணம் வேண்டும் என்ற கோரிக்கை, வைப்பார்கள், விவாதம் நடக்கும், கடைசியில் நிதி ஒதுக்க மசோதா நிறைவேறும். மாநிலங்களுக்கு இது அரசமைப்புச் சட்டத்தின் 204ஆம் பிரிவு. மத்திய அரசுக்கு 114. சட்டப்படி அனுமதி இல்லாமல் தொகுப்பு நிதியிலிருந்து, அதாவது அரசின் வருவாய் சேரும் பொதுக் கணக்கிலிருந்து, ஒரு ரூபாய்கூட எடுக்க முடியாது. ஆனால் அது அனுமதி மட்டும்தான். 'இன்ன வேலைக்கு இவ்வளவு வரை எடுக்கலாம்' என்பதோடு அதன் வேலை முடிந்தது. அப்புறம் நிர்வாக ஒப்புதல், அரசாணை, நிதி விடுவிப்பு, டெண்டர், பில், கருவூலம் என்று நீண்ட வழி இருக்கிறது. மார்ச் 31க்குள் செலவாகாத ஒதுக்கீடு காலாவதியாகிவிடும்; அடுத்த ஆண்டு மறுபடி கேட்டு வாங்க வேண்டும். அதனால் இனி 'ஒதுக்கீடு' என்று படித்தால் கேட்க வேண்டிய கேள்வி, 'விடுவித்தாயிற்றா?'

'அவரைச் சொந்தக்காரர்கள் ஒதுக்கிவிட்டார்கள்' என்கிறோம். 'கல்யாணத்துக்குப் பணம் ஒதுக்கினார்கள்' என்றும் சொல்கிறோம். இரண்டும் ஒரே சொல்லா?

ஒரே சொல்தான். ஒதுங்கு தன்வினை, ஒதுக்கு பிறவினை. அடங்கு, அடக்கு மாதிரி. மழைக்கு நாம் ஒதுங்குகிறோம். கறிவேப்பிலையை இலையோரம் ஒதுக்குகிறோம். நடுவிலிருந்து ஓரத்துக்கு நகர்வதுதான் இரண்டிலும் நடக்கிறது.

மரியாதையா அவமரியாதையா என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது 'கு' என்ற ஓர் எழுத்து. 'சம்பளத்தில் ஐயாயிரத்தை மகள் படிப்புக்கு ஒதுக்கினார்' என்னும்போது நான்காம் வேற்றுமை வந்து, அந்தப் பணம் எங்கே போகப்போகிறது என்று காட்டிவிடுகிறது. 'தம்பியை ஒதுக்கினார்' என்பதில் போக்கிடம் இல்லை. ஓரத்தில் விட்டதோடு சரி. கடைசியில் 'கொள்' சேர்ந்தால் கதையே மாறும். 'வசூலில் கொஞ்சம் ஒதுக்கிக்கொண்டார்' என்று சொன்னால் யாரும் சேமிப்பு என்று எடுத்துக்கொள்வதில்லை. அதற்கு ஏட்டுச் சொல் கையாடல்.

ஒதுக்கீடு, ஒதுக்கு, ஒதுக்கம்: எது சரி?

எல்லாமே சரி, இடம்தான் வேறு. 'இடு' என்பதன் முதலெழுத்து நீண்டு 'ஈடு' ஆகிறது. முதலீடு, மதிப்பீடு, காப்பீடு போலவே ஒதுக்கீடும். பொதுப் பேச்சுக்கு அது போதும். 'ஒதுக்கீடு செய்யப்பட்டுள்ளது' என்று இழுப்பதைவிட 'ஒதுக்கியுள்ளது' என்று எழுதலாம், அரசாணைக்கும் ஒன்றும் குறைந்துவிடாது.

'ஒதுக்கு' கணக்குப் பதிவியல் படித்தவர்களுக்குப் பழக்கம். நம் மேல்நிலைப் பாடநூல்களில் வரும் 'வாரா ஐயக்கடன் ஒதுக்கு' நினைவிருக்கும். கடை பாக்கியில் இவ்வளவு திரும்பி வராது என்று தோன்றினால், அந்தத் தொகையை முன்கூட்டியே லாபத்தில் கழித்து வைப்பது அது. லாபம் கணக்கிட்ட பிறகு, அதில் ஒரு பகுதியைப் பங்கிடாமல் நிறுத்திவைத்தால் அதன் பெயர் காப்பு. இலங்கை மத்திய வங்கியின் தமிழிலோ 'ஒதுக்கு' நாட்டின் கையிருப்பைக் குறிக்கும். 'வெளிநாட்டு ஒதுக்குகள்' என்று அங்கே எழுதுவதைச் சென்னைப் பத்திரிகைகள் 'அன்னியச் செலாவணி கையிருப்பு' என்று எழுதும். அக்கரைச் செய்தியைத் தமிழக வாசகருக்கு மாற்றி எழுதுபவர்கள் இந்த இடத்தில் தடுக்கி விழுவதுண்டு.

வருங்கால வைப்பு நிதி, சேமலாப நிதி இரண்டும் ஒன்றா?

பி.எஃப்.தான். இங்கே வருங்கால வைப்பு நிதி, இலங்கையில் ஊழியர் சேமலாப நிதியம். இங்கே சட்டம் 1952இல் வந்தது, அங்கே 1958இல். 'வைப்பு' பழைய சொல். வறியவரின் பசியைத் தீர்ப்பதே ஒருவன் தன் பொருளைச் சேர்த்து வைக்கும் இடம், 'பொருள்வைப் புழி', என்கிறது 226ஆம் குறள்.

நிதி ஒதுக்குவதற்குப் பழந்தமிழில் என்ன சொல்?

குறளில் வகுத்தல். 'இயற்றலும் ஈட்டலுங் காத்தலும் காத்த வகுத்தலும் வல்லது அரசு' என்பது 385. காத்த பொருளை இன்னின்னதற்கு என்று பிரிப்பதுதான் வகுத்தல். நிதிநிலை அறிக்கைக்கு இதைவிடச் சிறிய விளக்கம் நான் பார்த்ததில்லை.

கோயில் கல்வெட்டுகளில் நிவந்தம், அதாவது கோயில் காரியத்துக்கென்று நிலையாக விட்டுவைத்த பொருள். எனக்குப் பிடித்த பகுதி இது. தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் இராசராசன் காலத்தில் ஒரு விளக்கு எரிய 96 ஆடுகளை, அல்லது 48 பசுக்களை, இடையர்களிடம் விட்டார்கள். அவர்கள் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். கிழடும் செத்ததும் போனாலும் குட்டிகள் அந்த இடத்தை நிரப்பும் என்பதால் 'சாவா மூவாப் பேராடு' என்று இவற்றுக்குப் பெயர். பணமாக வைத்தால் காசு ஒன்றுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு பொலிசை, இன்றைய கணக்கில் 12.5 சதவீத வட்டி. முதலைத் தொடக் கூடாது, பொலிசையில்தான் செலவு.

'சிறுவாடு' வட்டாரச் சொல்லா? எழுத்தில் எழுதலாமா?

தாராளமாக எழுதலாம். வீட்டுச் செலவில் மிச்சம் பிடித்து, வீட்டுக்காரருக்குத் தெரியாமல் பெண்கள் சேர்க்கும் பணம் சிறுவாடு. சேமிப்பு என்ற சொல்லில் இந்த ரகசியம் இல்லை, அதனால் ஒன்றுக்குப் பதில் மற்றொன்றைப் போட முடியாது. எங்கள் அப்பத்தா அரிசிப் பானைக்குள் சுருக்குப்பையைப் புதைத்து வைத்திருந்தார். 2016 நவம்பர் 8 இரவு 500, 1000 ரூபாய்த் தாள்கள் செல்லாது என்ற அறிவிப்பு வந்தது. இரண்டு நாள் யாரிடமும் பேசவில்லை. மூன்றாம் நாள் என்னை மட்டும் அடுக்களைக்குக் கூப்பிட்டு, பானைக்குள் கையை விட்டு, தவிட்டோடு ஒரு கட்டை எடுத்துக் கொடுத்தார். எண்ணினேன். பதினோராயிரத்து ஐந்நூறு. வங்கியில் போட்டு வந்த பிறகு தாத்தாவுக்கும் விஷயம் தெரிந்துபோயிற்று. அதற்கப்புறம் அப்பத்தா பெரிய தாளைத் தொடவில்லை. பத்து ரூபாய்த் தாளாகவே சேர்த்தார், பானையையும் மாற்றிவிட்டார்.