சுவிட்சை அணைத்த பிறகுதான் படம்: பழைய ஃபேனில் ஓவிய இயந்திரம், கேள்வி பதில்

ராமநாதபுரம் மாவட்டம் உச்சிப்புளியில் மோட்டாருக்குக் காயில் கட்டும் பட்டறை வைத்திருக்கிறேன். போன கோடை விடுமுறையில் அக்கா மகள், "சும்மா கிடக்கிற ஃபேனை வைத்து எனக்கு ஏதாவது செய்து கொடுங்க மாமா" என்று நச்சரித்ததில் ஆரம்பித்தது இது. சீலிங் ஃபேனைத் தலைகீழாக நிறுத்தி, மேலே வட்டமாக ஒரு பிளைவுட் தட்டு, தட்டில் காகிதம். சுற்றும்போது வண்ணத்தைச் சொட்டினால் அது வெளிப்பக்கம் ஓடிப் பூவாகவும் சூரியனாகவும் விரியும். சுற்றிலும் பாதியாக அறுத்த நீல டிரம், தெறிப்பதைத் தடுக்க. படங்களைப் பார்த்துவிட்டு நிறையப் பேர் கேட்டுவிட்டீர்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் வலிக்கிறது, எல்லாவற்றையும் இங்கே சேர்த்துவிட்டேன்.

தங்கச்சிமடத்திலிருந்து ஒரு கல்லூரி மாணவர்: அண்ணே, வீட்டில் பழைய மிக்சி, கிரைண்டர், டேபிள் ஃபேன் மூன்றும் இருக்கு. எதை எடுக்கலாம்?

மூன்றும் என்றதும் சிரித்துவிட்டேன் தம்பி. 2011இல் தொடங்கிய விலையில்லாப் பொருட்கள் திட்டத்தில் வந்த அதே மூன்று. இன்றைக்கு நம் பக்கம் பாதி வீட்டுப் பரணில் அதுதான் இருக்கிறது.

மோட்டாரின் பலத்தைப் பார்க்காதீர்கள், வேகத்தைப் பாருங்கள். மிக்சி சுமையில்லாமல் ஓடினால் நிமிடத்துக்கு 18,000 சுற்றுக்குக் குறையாது. அதில் ஒரு அடி அகலத் தட்டை மாட்டினால் விளிம்பு விநாடிக்கு 280 மீட்டர் வேகத்தில் போகும். தட்டு உடைந்து பறக்கும். மிக்சியை மறந்துவிடுங்கள்.

டேபிள் ஃபேன் 1,300 சுற்றுக்கு மேல். சீலிங் ஃபேன் 350 முதல் 400. டேபிள் டாப் கிரைண்டரின் பாத்திரம் சுமார் 150, மாடலுக்கு மாடல் மாறும். சாக்பீஸில் ஒரு கோடு போட்டு எண்ணிப் பார்த்துக்கொள்ளுங்கள். நடுவிலிருந்து 12 செ.மீ. தள்ளி ஒரு சொட்டு வண்ணம் இருப்பதாக வையுங்கள். கிரைண்டரில் அதை வெளியே தள்ளும் விசை அதன் எடையைப் போல மூன்று மடங்கு. சீலிங் ஃபேனில் இருபது மடங்கு. டேபிள் ஃபேனில் 240 மடங்கு! அந்த வேகத்தில் வண்ணம் காகிதத்தில் நிற்காது, டிரம்மில்தான் ஓவியம் கிடைக்கும். கிரைண்டரில் வண்ணம் சோம்பலாக நகரும், குழைவான வட்டங்களுக்கு நல்லது. கூரான கதிர்கள் வேண்டும் என்றால் சீலிங் ஃபேன். உங்கள் மூன்றில் கிரைண்டரை எடுங்கள், அல்லது காயலான் கடையில் ஒரு சீலிங் ஃபேன் பாருங்கள்.

மண்டபத்திலிருந்து: ஃபேனைத் தலைகீழாக எப்படி நிறுத்தினீர்கள்? எனக்கு ஆடிக்கொண்டே இருக்கிறது.

சீலிங் ஃபேனில் நடுத்தண்டு அசையாது, வெளிக்கூடுதான் சுற்றும். நமக்கு அது வசதி. தொங்கும் ராடை ஒன்றரைச் சாண் விட்டு அறுத்து, காலியான 20 லிட்டர் பெயிண்ட் வாளியில் நடுவே நிறுத்திக் காங்கிரீட் போட்டேன். காங்கிரீட்டுக்கு முன்னால் ராடின் வாயில் ஒரு வயரிங் பைப் வளைவை வைத்து, ஒயரை வாளிக்கு வெளியே எடுத்துவிடுங்கள். நான் முதல் தடவை அதை மறந்து, மறுநாள் உளியோடு உட்கார்ந்தேன். கடற்கரை மணலைக் கலக்கவே கூடாது. உப்பு உள்ளேயிருந்தே ராடைத் தின்றுவிடும்.

றெக்கை மாட்டும் ஆறு ஓட்டைகளில் நீள போல்ட் போட்டு, அதன்மேல் 40 செ.மீ. தட்டு. போல்ட் தலைகளை எம்-சீல் வைத்து அடைத்துவிடுங்கள், இல்லையென்றால் வண்ணம் அந்த வழியாக மோட்டாருக்குள் இறங்கும். மோட்டாரைக் கிளப்பிவிடும் கெபாசிட்டர் கிண்ண மூடிக்குள் இருக்கும். ஃபேனைக் கவிழ்த்தபிறகு அது கீழே, ஈரம் சேரும் இடத்தில் மாட்டிக்கொள்ளும். அதை வெளியே ஒரு பிளாஸ்டிக் பெட்டிக்கு மாற்றிவிடுங்கள்.

ஆட்டத்துக்குக் காரணம் பெரும்பாலும் தட்டு ஒரு பக்கம் கனமாக இருப்பதுதான். மின்சாரம் இல்லாமல் கையால் மெதுவாகச் சுற்றி விடுங்கள். ராட் துளி சாய்ந்திருந்தாலும் கனமான பக்கம் தாழ்ந்த பக்கத்தில் வந்து நிற்கும். வேண்டுமென்றே வாளிக்கு அடியில் ஒரு பக்கம் கட்டையைக் கொடுத்துச் சாய்த்துப் பார்த்தால் இன்னும் நன்றாகத் தெரியும். எதிர்ப்பக்கம் வாஷர் ஒட்டிச் சரிக்கட்டி, பிறகு நேராக நிறுத்துங்கள்.

ஏர்வாடியிலிருந்து: ரெகுலேட்டரை ஒன்றில் வைத்தாலும் ஐந்தில் வைத்தாலும் ஒரே வேகம். ரெகுலேட்டர் போய்விட்டதா?

போகவில்லை. பலரும் இதைக் கேட்டு, சிலர் புது ரெகுலேட்டரே வாங்கிவிட்டார்கள். ஃபேன் மோட்டாரின் வேகம் குறைவது ரெகுலேட்டரால் மட்டும் இல்லை, றெக்கை தள்ளும் காற்றும் சேர்ந்துதான் அதை இழுத்துப் பிடிக்கிறது. றெக்கையைக் கழற்றியதும் பிடித்து நிறுத்த ஆளில்லை. வோல்ட்டேஜைக் குறைத்தாலும் மோட்டார் தன் முழு வேகத்துக்குப் பக்கத்திலேயே ஓடும்.

தட்டுக்கு அடியில் உள்ளங்கை அளவு பலகைத் துண்டுகள் நான்கை, எதிரெதிராக, செங்குத்தாகத் திருகிவிட்டேன். துடுப்பு மாதிரி காற்றை அடிக்கும். ரெகுலேட்டர் உடனே பேச்சைக் கேட்க ஆரம்பித்தது. மோட்டாருக்கும் கொஞ்சம் காற்று கிடைக்கும். றெக்கையில்லாத ஃபேன் சீக்கிரம் சூடாகும், கால் மணி நேரத்துக்கு ஒரு தடவை கையை வைத்துப் பாருங்கள்.

ஆனால் உண்மையைச் சொன்னால், நான் இப்போது ரெகுலேட்டரைத் தொடுவதே இல்லை. சீலிங் ஃபேனின் கூடு கனமானது, சுவிட்சை அணைத்தாலும் நெடுநேரம் சுற்றிக்கொண்டே இருக்கும். அந்த நேரத்தில் எல்லா வேகமும் ஒவ்வொன்றாக வந்து போகிறது, அதற்கு ஏன் ரெகுலேட்டர்? முழு வேகம் வந்ததும் சுவிட்சை அணைப்பேன். முதல் வண்ணத்தை உடனே நடுவில் விடுவேன், அது ஊசி ஊசியாக விளிம்புவரை ஓடும். சுற்றுகளைக் கண்ணால் எண்ண முடிகிற அளவுக்கு வேகம் இறங்கியதும் இரண்டாவது வண்ணம். இது பாதித் தூரம் போய் இதழ் மாதிரி மடங்கும். நிற்கப்போகும்போது விடும் கடைசிச் சொட்டு இடத்தைவிட்டு நகராமல் மகரந்தம் மாதிரி உட்கார்ந்துகொள்ளும். அக்கா மகள் இதைத் தானாகவே கண்டுபிடித்தாள். நான் அதுவரை மோட்டாரை ஓட்டிக்கொண்டே சொட்டி, எல்லாத் தாளிலும் ஒரே சூரியனை வரைந்துகொண்டிருந்தேன்.

பாம்பனிலிருந்து: வள்ளத்துக்கு அடித்து மிஞ்சிய எனாமல் நிறைய இருக்கு. தின்னர் கலந்து விடலாமா?

வேண்டாம் மச்சான். வண்ணம் பொடித்துளியாகப் பறக்கிற இடத்தில் தின்னர் ஆவி, பக்கத்தில் சுவிட்ச் பொறி. தீ பிடிக்க வேறென்ன வேண்டும்? மூச்சுக்குள்ளும் போகும். சுவருக்கு அடிக்கும் வெள்ளை எமல்ஷனில் ஸ்டெயினர் டியூபைக் கலந்து கொள்ளுங்கள், மலிவு, நிறமும் அழுத்தம். மோர் பதத்துக்கு நீர்த்தால் சரியாக ஓடும். கெட்டித் தயிர் பதத்தில் நகராது.

சாயல்குடியிலிருந்து ஓர் ஆசிரியை: எங்கள் படங்கள் காய்ந்த பிறகு வெள்ளைப் பொடி பூக்கிறது, சில நாள் கழித்துத் தொட்டால் பிசுபிசுக்கிறது. வண்ணம் மட்டமா?

வண்ணத்தைக் குறை சொல்லாதீர்கள் டீச்சர், போர் தண்ணீரில் கலக்கியிருப்பீர்கள். காய்ந்ததும் உப்பு மேலே வந்து பூக்கும், கடல்காற்றின் ஈரத்தை உறிஞ்சிப் பிசுபிசுக்கும். உப்பு அதிகமானால் எமல்ஷன் கலக்கும்போதே திரியும். குடிக்கக் குடம் கணக்கில் வாங்குகிறோமே, அந்தத் தண்ணீரில் ஒரு டம்ளர் போதும். மழைத் தண்ணீர் பிடித்து வைத்திருந்தால் அதைவிட நல்லது. கச்சான் காற்று வீசும் மாதங்களில் வெளியே காயப்போடாதீர்கள், மணல் ஒட்டும். (ஒரு படத்தில் ஒட்டிய மணல் அழகாகவே இருந்தது, அது வேறு கதை.)

கீழக்கரையிலிருந்து: காக்கா (அண்ணே), மெஷின் ரெண்டு மாசம் ஓடாமல் கிடந்தது. இப்போ 'ம்ம்ம்' என்று முனகுது, சுற்றவில்லை.

முதலில் பிளக்கைப் பிடுங்கிவிட்டுக் கையால் தட்டைச் சுற்றிப் பாருங்கள். கரகரவென்று இறுக்கமாக இருந்தால் பேரிங். சீலிங் ஃபேனில் பெரும்பாலும் 6201, 6202 எண் பேரிங்குகள், மாற்றிவிடலாம். லேசாகச் சுற்றுகிறது, மின்சாரம் கொடுத்துத் தள்ளிவிட்டால் ஓட ஆரம்பிக்கிறது என்றால் கெபாசிட்டர். பழையதில் 2.5 என்று போட்டிருந்தால் அதே 2.5 மைக்ரோ ஃபாரட் போடுங்கள், கூட்டினால் காயில் சூடாகும். கழற்றும் முன் அதன் இரு முனையையும் ஒரு பழைய குண்டு பல்பின் முனைகளில் தொட்டு, சேர்ந்திருக்கும் மின்சாரத்தை இறக்கிவிடுங்கள்.

பிளாஸ்டிக் தாளால் இறுக்கி மூடி வைத்திருந்தீர்களா? ஈரம் உள்ளேயே நின்றுவிடும். பருத்தித் துணி போட்டு மூடி, வாரம் ஒரு தடவை ஐந்து நிமிடம் ஓட்டுங்கள். 1914இல் திறந்த பாம்பன் பாலத்திலேயே உப்புக் காற்று அரித்ததில் 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்த வேண்டியதாயிற்று, நம் ஃபேன் எம்மாத்திரம்.

திருப்புல்லாணியிலிருந்து ஒரு தாய்: பிள்ளைகள் ஈரக் கையோடு தொடுவார்கள். பயமாக இருக்கிறது.

பயப்பட வேண்டியதுதான் அம்மா. மூன்று முள் பிளக், ஃபேனின் அசையாத நடுத்தண்டுக்கு எர்த் இணைப்பு, வீட்டு போர்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்சாரம் கசிந்தால் தானாக விழும் சுவிட்ச்). இந்த மூன்றும் இல்லாத வீட்டில் இதைச் செய்யவே வேண்டாம் என்பேன். ஆர்சிசிபி இருந்தால் அதன் டெஸ்ட் பட்டனை மாதம் ஒரு தடவை அழுத்தி, விழுகிறதா என்று பாருங்கள். எங்கள் வீட்டில் சுவிட்ச் எட்டடி தள்ளி, பெரியவர் கையில். அணைத்த பிறகுதான் பிள்ளைகள் டிரம்முக்குப் பக்கத்தில் வருவார்கள். முடியைப் பின்னி, தாவணியை இடுப்பில் செருகிவிட்டு.

தொண்டியிலிருந்து: எதிர்ப்பக்கம் சுற்ற வைக்க முடியுமா?

முடியும். ஸ்டார்ட்டிங் காயிலின் இரு முனையையும் மாற்றிக் கட்ட வேண்டும், கூட்டைத் திறக்கிற வேலை. வாஷிங் மெஷினின் துவைக்கும் மோட்டார் என்றால் இரண்டு காயிலும் ஒரே அளவு, கெபாசிட்டரை இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் மாற்றினாலே திரும்பும். அதன் வேலையே அப்படி மாறி மாறிச் சுற்றுவதுதானே.

ராமநாதபுரத்திலிருந்து: சொட்டுவதற்குப் பதில் பேனாவால் கோலம் மாதிரிக் கோடு வரையும் இயந்திரம் செய்யலாமா?

செய்து பார்த்திருக்கிறேன். டேபிள் ஃபேன் தலையாட்டுகிறதே, அதன் பின்னால் இருக்கும் பல்சக்கரப் பெட்டிதான் நமக்குத் தேவை. றெக்கையையும் கூண்டையும் கழற்றிவிட்டு, தலையில் ஒரு மூங்கில் குச்சியைக் கட்டி நுனியில் ஜெல் பேனா. கீழே மைக்ரோவேவ் அடுப்பின் தட்டைச் சுற்றும் சின்ன மோட்டார், நிமிடத்துக்கு ஐந்து, ஆறு சுற்று. தட்டு ஒரு சுற்று முடிக்கும்போது பேனா அதே இடத்துக்குத் திரும்பாது, கொஞ்சம் தள்ளி வரும். அந்தத் தள்ளல்தான் இதழ்களை அடுக்குகிறது.

அடுப்பை நீங்களே பிரிக்காதீர்கள். உள்ளே இருக்கும் கெபாசிட்டர் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் 2,000 வோல்ட்டுக்கு மேல் வைத்திருக்கக் கூடும், ஆளைக் கொன்றுவிடும். அந்த மோட்டார் மட்டும் ஸ்பேர் கடையில் தனியாகக் கிடைக்கும். லேபிளைப் பாருங்கள்: சில 230 வோல்ட், சில 21 வோல்ட். இன்னொரு வேடிக்கை, ஒவ்வொரு தடவை போடும்போதும் அது வலமாகவும் கிளம்பும், இடமாகவும் கிளம்பும். அதன் இஷ்டம்.

பெயர் சொல்ல விரும்பாத ஓவியர் ஒருவர்: மெஷின் வரைந்தால் அது ஓவியமா?

ழான் டிங்குவெலி என்ற சுவிஸ் கலைஞர் 1959இல் பாரிஸில் வரையும் இயந்திரங்களையே கண்காட்சியாக வைத்தார். அந்தச் சண்டை அப்போதே தொடங்கிவிட்டது, எனக்குக் காயில் கட்டுகிற வேலை இருக்கிறது.

ராமேஸ்வரத்தில் சிப்பிக் கடை வைத்திருப்பவர்: சிப்பியில் வளையம் வளையமாக வண்ணம் போட முடியுமா?

கிரைண்டர்தான் அதற்குச் சரி. சிப்பியைக் கோதுமை மாவு உருண்டையில் பதித்துத் தட்டின் நடுவில் ஒட்டுங்கள். தூரிகையை நகர்த்தாமல் பிடித்தால் போதும், வளையம் தானாக விழும். முழங்கையை மேஜையில் ஊன்றிக்கொள்ளுங்கள். எந்தச் சிப்பி என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள், சில வகைகளும் பவளமும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வருகின்றன.

அப்புறம், எல்லோருக்கும் சேர்த்து ஒன்று. டிரம்மைக் கழுவிய தண்ணீரைக் கடலிலோ வாய்க்காலிலோ ஊற்றாதீர்கள், எமல்ஷன் என்பது கரைத்த பிளாஸ்டிக்தான். நான் கழுவுவதே இல்லை. டிரம்மில் வண்ணம் அப்படியே காய்ந்து தடித்ததும் தோலாக உரிந்து வரும். அந்தத் தோலை அக்கா மகள் நோட்டு அட்டையாக ஒட்டி வைத்திருக்கிறாள்.