கனடாவிலிருந்து வரும் றீல் ரேப் ரெக்கோடர்: முதலில் மோட்டரைப் பாருங்கள்

கேள்வி: கொக்குவிலில் வீட்டு அறையொன்றில் நாதஸ்வரமும் தவிலும் பதிவு செய்கிறேன். ரொறன்ரோவில் இருக்கும் மாமா, பாவித்த டியாக் றீல் ரேப் ரெக்கோடர் ஒன்றை வாங்கி அனுப்பலாம் என்கிறார். 120 வோல்ட் ட்ரான்ஸ்போமர் போட்டால் போதுமா?

பதில்: பெரும்பாலும் போதாது. ட்ரான்ஸ்போமர் வோல்ட்டைத்தான் குறைக்கும், ஹேர்ட்ஸை, அதாவது கரண்ட் விநாடிக்கு எத்தனை தடவை அலைகிறது என்பதை, மாற்றாது. கனடாவில் 60 ஹேர்ட்ஸ், இங்கே 50. பழைய கருவிகள் பலவற்றில் ரேப்பை இழுக்கும் கப்ஸ்டன் தண்டைச் சுற்றுவது சிங்க்ரனஸ் மோட்டர். அதன் வேகம் ஹேர்ட்ஸோடு போகும். எனவே யாழ்ப்பாணத்தில் அது ஆறில் ஒரு பங்கு மெதுவாக ஓடும். மோட்டர் சூடாவதும் கூடும்.

இந்தப் பிழை இலேசில் பிடிபடாது. பதியும்போதும் மெதுவு, கேட்கும்போதும் மெதுவு என்பதால் அதே கருவியில் எல்லாம் சரியாகவே ஒலிக்கும். வேறிடத்தில் பதிந்த ரேப்பைப் போட்டால்தான் பாட்டு ஏறக்குறைய மூன்று சுரத்தானம் இறங்கும். காதை விட்டு அளவுநாடாவை எடுங்கள். ரேப்பின் முதுகுப் பக்கத்தில் 190.5 சென்ரிமீற்றர் இடைவெளியில் இரண்டு கோடு போட்டு, விநாடிக்கு 19 சென்ரிமீற்றர் வேகத்தில் ஓட விடுங்கள். முதல் கோடு ஹெட்டை (ரேப்பில் ஒலியைப் பதியும், வாசிக்கும் பகுதி) கடந்ததிலிருந்து இரண்டாவது கோடு கடக்க 10 விநாடி எடுத்தால் சரி. 12 விநாடி என்றால் 60 ஹேர்ட்ஸ் மோட்டர்தான்.

ரொறன்ரோவில் இந்தச் சோதனையால் பயனில்லை, அங்கே சரியாகத்தான் ஓடும். மாமா பின்பக்கத் தகட்டைப் படம் எடுத்து அனுப்பட்டும். 60 மட்டும் எழுதியிருந்தால், 50க்கான கப்ஸ்டன் கப்பி கிடைக்குமா என்று அறிந்த பிறகே காசு கொடுக்கலாம். 50/60 என்றிருந்தாலும் உள்ளே சுவிட்சையோ கப்பியையோ மாற்றவேண்டி வரலாம். தேர்வு உங்கள் கையில் என்றால் ரெவொக்ஸ் ஏ77 அல்லது பி77 தேடுவது புத்தி. இவற்றின் கப்ஸ்டன் மோட்டரை மின்னணுச் சுற்று கட்டுப்படுத்துவதால் ஹேர்ட்ஸ் பிரச்சினை இல்லை. பின்னால் உள்ள வோல்ட் தெரிவை 240இல் வைத்தால் போதும். ஆனால் பழைய கடதாசிக் கப்பாசிற்றர்கள் வெடித்து நாறும். கரண்ட் கொடுக்க முன்பே மாற்றுவித்துவிடுங்கள்.

அடுத்தது ஹெட். நகத்தை மேலிருந்து கீழாக மெல்ல ஓட்டுங்கள். ரேப் ஓடும் தடத்தின் விளிம்பில் நகம் தடக்கினால் தேய்மானம் அதிகம், கூரான ஒலிகள் மங்கும். ரேப்பைக் கப்ஸ்டனோடு அழுத்தும் பிஞ்ச் றோலரின் றப்பர் பளபளத்து இறுகியிருந்தாலோ பிசுபிசுத்தாலோ வேகம் தள்ளாடும்; றோலரை மாற்றலாம், ஹெட் கிடைப்பது கடினம்.

கருவியோடு இலவசமாக வரும் பழைய ரேப்புகளில் மயங்கவேண்டாம். 1970, 80களின் அம்பெக்ஸ் 456 போன்ற ரேப்புகளின் பசை ஈரப்பதத்தை உறிஞ்சி இளகும். ஓடும்போது கீச்சிட்டு ஹெட்டில் பழுப்பாய் அப்பும். எங்கள் மாரிக் காற்றுக்கு இது இன்னும் மோசம். அப்பினால் உடனே நிறுத்தி, ஐசோபுரொப்பைல் அற்ககோலில் நனைத்த பஞ்சால் ஹெட்டைத் துடையுங்கள்.