நர்ஸம்மா பதில்கள்: முடிச்சு முடிச்சாகக் கட்டுங்கள்

நர்ஸம்மாவுக்கு வணக்கம். பெரியவனுக்கு இரண்டரை வயது, சின்னவளுக்கு எட்டு மாதம். வைகாசியில் வைத்தீஸ்வரன்கோயிலில் சின்னவளுக்கு மொட்டை. அப்புறம் நீடாமங்கலம் பக்கத்தில் மாமியார் வீட்டில் நாலு நாள். மயிலாடுதுறை வரை இரவு ரயில். போன தடவை நாலு பை தூக்கிக்கொண்டு போயும், அவசரத்துக்கு ஒன்றும் கைக்குக் கிடைக்கவில்லை. "எல்லாம் இங்கேயே இருக்கு, பிள்ளைங்களை மட்டும் தூக்கிட்டு வா" என்கிறார் அத்தை. எதை எடுத்துப்போவது, எதை விடுவது?
- பெயர் வேண்டாம், தாம்பரம்

அம்மா, உங்கள் கடிதத்தில் நீடாமங்கலம் என்று படித்ததும் எனக்கு 1987 நினைவுக்கு வந்துவிட்டது. என் மகனுக்கு அப்போது ஒரு வயது. திருத்துறைப்பூண்டியிலிருந்து தஞ்சாவூருக்கு பஸ். துணிப்பை பஸ்ஸின் கூரைமேல் ஏறிவிட்டது. நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் வண்டி நின்றபோது பிள்ளைக்கு வயிற்றால் போனது. ஒரு தடவை இல்லை, மூன்று தடவை. பதினான்கு லங்கோடு துவைத்து மடித்து வைத்திருந்தேன், பதினான்கும் தலைக்கு மேலே. பக்கத்து சீட்டில் இருந்த ஒரு தாத்தா தோளில் கிடந்த ஈரிழைத் துண்டை எடுத்து, ஒரு வார்த்தை பேசாமல் இரண்டாகக் கிழித்துக் கொடுத்தார். அதன் சிவப்புக் கரை இன்னும் கண்ணில் நிற்கிறது. அன்றிலிருந்து நான் பார்த்த தாய்மாருக்கெல்லாம் சொல்வது ஒன்றுதான்: எத்தனை எடுத்தோம் என்பதைவிட, எது கை எட்டும் தூரத்தில் இருக்கிறது என்று பாருங்கள்.

அதற்கு ஒரு வழி. பழைய வேட்டியை முழ அளவில் சதுரமாகக் கிழித்துக்கொள்ளுங்கள். துவைத்துத் துவைத்து நைந்த வேட்டிதான் நல்லது. ஒரு துண்டை விரித்து, அதன்மேல் ஒரு டயப்பர், ஒரு சட்டை, அழுக்கைப் போட ஒரு கவர் வைத்து, நாலு முனையையும் கட்டுங்கள். இது ஒரு முடிச்சு. விளக்கணைத்த பெட்டியில் பிள்ளை அழுதால் பையைத் துழாவ வேண்டாம். ஒரு முடிச்சை எடுத்தால் போதும். கட்டியிருந்த துணியே துடைக்கவும் ஆகும், அடியில் விரிக்கவும் ஆகும். சின்னவளுக்கு நாலு, பெரியவனுக்கு இரண்டு. உங்களுக்கும் ஒன்று. பிள்ளை கக்கிவிட்டால் தாய்க்கும் மாற்று ஜாக்கெட் வேண்டும். இதை மறக்காத தாயை நான் பார்த்ததே இல்லை. இந்த ஏழு முடிச்சும் ஒரு பை. அது சீட்டுக்கு அடியில் போகக் கூடாது, உங்கள் தலைமாட்டில் இருக்கட்டும். கூடவே ஒரு ரப்பர் ஷீட், ஒரு பழைய நூல் புடவை. புடவை போர்வையாகும், பால் கொடுக்க மறைப்பாகும், ஊரில் உத்தரத்துக் கொக்கியில் தூளியாகும். ஓடும் ரயிலில் மட்டும் தூளி கட்டாதீர்கள். வண்டி சட்டென்று நின்றால் பிள்ளை கம்பியில் மோதும்.

பெர்த் விஷயம். ஐந்து வயதுக்குக் கீழே, தனி பெர்த் கேட்காவிட்டால் டிக்கெட் கிடையாது. ஆனால் ஒரே பெர்த்தில் நீங்களும் இரண்டு பிள்ளைகளும் என்றால் யாருமே தூங்க முடியாது. முடிந்தால் முழுக் கட்டணம் கட்டிப் பெரியவனுக்குத் தனி பெர்த் வாங்குங்கள். இந்தச் செலவில் மிச்சம் பிடிக்க வேண்டாம்.

சாப்பாட்டுக்கு இட்லி போதும். சின்னவளுக்கு வழியில் தாய்ப்பால்தான் முதல். அதற்குமேல் பசித்தால் இட்லியைக் கொதிக்கவைத்த வெந்நீரில் குழைத்துக் கொடுங்கள். பூவன் பழம் நாலு வைத்துக்கொள்ளுங்கள். பவுடர் பால் குடிக்கிற பிள்ளையாக இருந்தால், நன்றாகக் கொதித்த தண்ணீர் பிளாஸ்கில், பவுடர் ஈரமில்லாத டப்பாவில், இரண்டும் தனித்தனியாக. குடிக்கிற நேரத்தில் கலந்து, மிஞ்சியதைக் கொட்டிவிடுங்கள். வீட்டிலேயே கலந்து எடுத்துப்போகவே கூடாது, வைகாசி வெயிலில் சீக்கிரம் கெட்டுவிடும். பாட்டிலைவிட, மூக்கு வைத்த சின்னக் கிண்ணமான பாலாடை மேல். அதில் மூலை முடுக்கு இல்லை. வெந்நீர் ஊற்றிக் கழுவினால் சுத்தமாகிவிடும். பாட்டில் ரப்பரின் உட்பக்கத்தை ரயில் வாஷ்பேசினில் தேய்த்துக் கழுவ யாரால் முடியும்?

மருந்துப் பையில் இரண்டுதான் முக்கியம். காய்ச்சல் மருந்து, அதோடு பிள்ளையின் எடைக்கு எத்தனை மில்லி என்று டாக்டர் எழுதிய சீட்டு. இரண்டாவது ஓ.ஆர்.எஸ்., வயிற்றால் போனால் கரைத்துக் கொடுக்கிற உப்பு சர்க்கரைத் தூள். பெரிய பாக்கெட் என்றால் முழுதாக ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் கரைக்க வேண்டும். பாதியைக் கொட்டி கண் அளவுக்குக் கலப்பது ஆபத்து; உப்பு ஏறிப்போகும். அதற்காகவே ஒரு லிட்டர் பாட்டில் ஒன்று பையில் இருக்கட்டும். கரைத்ததை 24 மணி நேரத்துக்குமேல் வைக்காதீர்கள். ஜூஸ் டப்பாவில் விற்கிற இனிப்புத் தண்ணீர் இதற்கு ஈடாகாது. பிள்ளை துவண்டு கிடந்தாலோ, சிறுநீர் குறைந்தாலோ, மலத்தில் ரத்தம் தெரிந்தாலோ, உடனே இறங்கி ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மொட்டை இன்னொரு நாள் அடிக்கலாம்.

மொட்டைக்கு: புது பிளேடு உங்கள் கண் முன்னால் மாட்டச் சொல்லுங்கள். கழுத்தைச் சுற்ற ஒரு வேட்டித் துண்டு. முடி உள்ளே விழுந்தால் பிள்ளை நாளெல்லாம் சிணுங்கும். குளிப்பாட்டியபின் போட ஒரு பருத்திக் குல்லா.

சரி, எதை விடலாம்? அத்தை சொல்வதில் பாதி உண்மை. பாய், தலையணை, பாத்திரம், சோப்பு எல்லாம் அங்கே இருக்கும். நாலு நாளுக்கும் டயப்பர் சுமக்காதீர்கள். வழிக்கு மட்டும் போதும், ஊரில் லங்கோடு கட்டிக்கொள்ளலாம், வைகாசி வெயிலில் துணி அரை மணியில் காய்ந்துவிடும். ஆனால் கொசுவலை கேட்டுக்கொள்ளுங்கள். இல்லையென்றால் மடக்குக் குடை வலை ஒன்று கொண்டுபோங்கள்.

பேத்திக்குப் பத்து மாதம். மகள் வீட்டுக்காரரோடு பெங்களூர் கிளம்புகிறாள். வழியில் அழாமலிருக்க ரப்பரில் தேன் தொட்டு வைக்கவும், கையில் கொஞ்சம் பொட்டுக்கடலை கொடுக்கவும் சொன்னேன். மகள் கோபித்துக்கொள்கிறாள்.
- ஒரு பாட்டி, பாபநாசம்

மகள் சொல்வது சரி அக்கா. ஒரு வயது முடியும்வரை தேன் ஒரு சொட்டும் கூடாது. அதில் இருக்கக்கூடிய ஒரு கிருமியின் வித்து குழந்தையின் குடலில் முளைத்து நஞ்சாகும், கை கால் தளர்ந்துபோகும், மூச்சும் சிரமப்படும். நாம் எல்லோரும் தேன் தொட்டு வளர்ந்தவர்கள்தான், ஆனாலும் வேண்டாம். பொட்டுக்கடலையும் வேர்க்கடலையும் முழுதாகத் தரவே கூடாது. வண்டி குலுங்குகையில் ஒன்று மூச்சுக்குழலில் போனால் தாங்காது. நைஸாகப் பொடித்து, மசித்த வாழைப்பழத்தில் கலந்து கொடுக்கலாம். அழுகைக்கு வேறு வழி உண்டு: உங்கள் பழைய புடவைத் துண்டு ஒன்றை மகளிடம் கொடுத்தனுப்புங்கள். உங்கள் வாசனை அதில் இருக்கும், பிள்ளை அதைப் பிடித்துக்கொண்டு தூங்கும்.

காரில் கும்பகோணம் போகிறோம். ஒன்றரை வயது மகனை முன் சீட்டில் என் மடியிலேயே வைத்துக்கொள்ளலாமா?
- வாசகர், குத்தாலம்

வேண்டாம். பிரேக் போட்டால் உங்கள் கை பிள்ளையைப் பிடித்து நிறுத்தாது. பின் சீட்டில் குழந்தை இருக்கை மாட்டி, பெல்ட் போட்டு உட்காரவையுங்கள்.