மூன்று பேரிடம் மட்டும்

அன்புள்ள அக்கா,

அம்மா காலமான பிறகு எனக்கு நித்திரையே இல்லை. பெரியாஸ்பத்திரி மனநலக் கிளினிக்கில் குளிசை எடுக்கிறேன். வியாழக்கிழமை வீட்டு ஜெபக்கூட்டத்தில் துணிந்து இதைச் சொன்னேன். ஞாயிறு ஆராதனை முடிந்து வெளியே வரும்போது, எனக்குப் பழக்கமே இல்லாத ஒருவர், "சாத்தானுக்கு இடங்கொடுக்காதைங்கோ தங்கச்சி" என்றார். பாடகர் குழுவில் கொஞ்சநாள் ஓய்வெடுக்கச் சொல்லிவிட்டார்கள். தங்கைக்குக் கலியாணம் பேசுகிற நேரம் வேறு. இனி வாயே திறப்பதில்லை என்றிருக்கிறேன். அது பொய் வாழ்க்கை இல்லையா?

உப்புவெளி வாசகி, திருகோணமலை

அன்புத் தங்கச்சி,

நீங்கள் சொன்னதில் பிழை இல்லை. கேட்டவர்கள் அதைக் காவித் திரிந்ததுதான் பிழை. "அந்தப் பிள்ளைக்காக ஜெபிச்சுக்கொள்ளுங்கோ" என்று தொடங்கும். தேத்தண்ணிக் கோப்பை கழுவி முடிவதற்குள் முழுக்கதையும் போய்விடும். ஜெப விண்ணப்பம் என்ற பேரில் போவதால் யாரும் அதைப் புறணி என்று தடுப்பதில்லை. எனக்கு இதில் கோபமே வருகிறது. உவர்மலையில் சொன்னது பாலையூற்றுக்குப் போக ஒரு நாள் எடுக்காது. மெதடிஸ்த சபை, கத்தோலிக்கப் பங்கு, பெந்தெகொஸ்தே சபை என்று பிரிந்திருந்தாலும், கலியாணம் விசாரிக்கும்போது எல்லாம் ஒரே முற்றம்தான். உங்கள் பயம் நியாயமானது.

ஆராதனையில் சாட்சி சொல்லும் நேரத்தையும் பாருங்கள். வருத்தம் இருந்தது, மாறிவிட்டது. கடன் இருந்தது, கர்த்தர் தீர்த்தார். முடிந்த கதைக்குத்தான் அங்கே ஒலிவாங்கி. இன்னும் நடுவில் தவிக்கிறவர் எழும்பினால் சபை நெளிகிறது. ஆனால் வேதத்தில் 88ஆம் சங்கீதம் இருளிலேயே முடிகிறது. ஆறுதலாக ஒரு வரிகூடக் கடைசியில் இல்லை. எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின் கீழ்ப் படுத்து "போதும் கர்த்தாவே" என்று சாவைக் கேட்டபோது, தூதன் அவருடைய விசுவாசத்தை அளக்கவில்லை. தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்தான். எலியா சாப்பிட்டுவிட்டுத் திரும்பவும் படுத்துக்கொண்டார்.

பொய் வாழ்க்கையா என்று கேட்டீர்கள். இயேசு பிடிபட்ட இரவில் கெத்செமனே தோட்டத்தில் நடந்ததைப் பாருங்கள். யூதாஸ் போனபின் இயேசுவோடு பதினொரு சீஷர்கள். எட்டுப் பேரை ஓரிடத்தில் இருக்கச் சொல்லிவிட்டு, பேதுருவையும் செபெதேயுவின் குமாரர் இருவரையும் மட்டும் கூட்டிப்போய்த்தான், "என் ஆத்துமா மரணத்துக்கேதுவான துக்கங்கொண்டிருக்கிறது" என்றார். மற்ற எட்டுப் பேரிடம் அவர் பொய் சொல்லவில்லை. அவர்களிடம் இதைச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

ஆகவே கூட்டத்தில் சொல்ல வேண்டாம். ஆனால் ஒருவரிடமாவது சொல்லுங்கள். யாரிடம்? மற்றவர்களுடைய கதையை ஒருநாளும் உங்களிடம் கொண்டுவராதவரிடம். "இது உங்களோடு இருக்கட்டும், ஜெபக்கூட்டத்திலும் வேண்டாம்" என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

பாடகர் குழு விஷயத்தைப் போதகரிடம் நேரே கதையுங்கள். சலரோகத்துக்குக் குளிசை போடுகிறவர் பாடலாம் என்றால் நீங்களும் பாடலாம். சுகம் கிடைத்துவிட்டது, குளிசையை நிறுத்துங்கள் என்று யார் சொன்னாலும், தலையில் கைவைத்து ஜெபித்தவரே சொன்னாலும், கிளினிக் டொக்டரைக் கேளாமல் நிறுத்தாதீர்கள். இரவில் தாங்கமுடியாமல் போனால் 1926க்கு எடுங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் இலக்கம் அது. எந்த நேரமும் கதைக்கலாம்.

அன்புடன்,
அக்கா