பெற்றோரை அமெரிக்காவுக்கு அழைக்கும்போது, கால் நீட்ட இடமுள்ள எகானமி சீட்டுக்குக் கூடுதல் பணம் கட்டலாமா?

உங்கள் கேள்வியின் விவரம் இது: அப்பா, அம்மா இருவரும் அறுபத்தைந்தைத் தாண்டியவர்கள், சென்னையிலிருந்து தோஹா வழியாக முதல்முறையாக டல்லஸ் வருகிறார்கள். அம்மாவுக்கு மூட்டுவலி. இருவருக்கும் வீல்சேர் உதவி கேட்டிருக்கிறீர்கள். தோஹா–டல்லஸ் விமானத்தில் கூடுதல் இடமுள்ள சீட்டுக்கு ஆளுக்கு 12,000 ரூபாய் கேட்கிறார்கள், கட்டலாமா?

கட்ட வேண்டாம். செலவைக் குறைப்பதற்காக இதைச் சொல்லவில்லை. பெற்றோருக்குச் செய்கிற செலவில் கணக்குப் பார்க்க யாருக்கும் மனசு வராது. ஆனால் அந்தச் சீட் உயரமான, திடமான ஆளுக்கு ஏற்றது. உங்கள் அம்மாவுக்குச் சாதாரணச் சீட்டைவிட அதில்தான் சிரமம் அதிகம்.

நான் ஆறடிக்கு மேல் உயரம். நீண்ட தூர விமானங்களில் ஒரு சீட்டுக்கும் முன்சீட்டுக்கும் உள்ள இடைவெளி பெரும்பாலும் 31, 32 அங்குலம்தான். முன்னால் இருப்பவர் சாய்ந்தால் என் முழங்கால் இடிக்கும். அதனால் இரவுப் பயணம் என்றால் எனக்குப் பணம் கட்டி வாங்கிவிடுவேன். என் அம்மா ஐந்தடிக்கும் குறைவு. அவருக்கு முழங்காலுக்கு முன்னால் இடம் நிறையவே இருக்கும், பாதம்தான் தரையில் முழுதாகப் பதியாது. சீட்டின் விளிம்பு தொடையின் பின்பக்கம் அழுத்திக்கொண்டே இருக்கும், சில மணி நேரத்தில் கால் மரத்துப்போகும். இப்படிப்பட்டவருக்கு வேண்டியது காலை உயர்த்தி வைக்க ஒரு மேடை. முன்சீட்டுக்கு அடியில் வைக்கிற கைப்பையைக் கொஞ்சம் இழுத்து அதன்மேல் பாதத்தை வைத்துக்கொண்டால் போதும், பெரிய ஆறுதல். கூடுதல் பணம் கட்டி வாங்குகிற சீட்டில் முன்னால் சீட்டே இருக்காது. வெறும் தரைதான்.

அந்தச் சீட்டுகள் எவை என்று முதலில் பாருங்கள். வளைகுடா நாட்டு நிறுவனங்கள் இந்தப் பெயரில் விற்பது பெரும்பாலும் இரண்டு வகை. ஒன்று எமர்ஜென்சி கதவை ஒட்டிய வரிசை. ஆபத்து நேரத்தில் கதவைத் திறக்க, மற்றவர்களை வெளியேற்ற உதவக்கூடியவர்களைத்தான் அங்கே உட்கார வைப்பார்கள். வீல்சேர் கேட்டவர்களுக்கு அங்கே இடம் கிடையாது. நம் ஊரில் வீல்சேர் கேட்பவர்களில் பலருக்கு நடக்க முடியாத பிரச்சினை இல்லை. தோஹா மாதிரி பெரிய விமான நிலையத்தில் அடுத்த விமானம் வரை, அப்புறம் அமெரிக்காவில் இமிக்ரேஷன் வரை கூடவே ஒருவர் வருவார் என்பதற்காகத்தான் கேட்கிறோம். ஆனால் கம்ப்யூட்டரில் வீல்சேர் என்று பதிவானால் பதிவானதுதான். போர்டிங் நேரத்தில் சீட்டை மாற்றிவிடுவார்கள், மாற்றிக் கொடுப்பது மிச்சமிருக்கிற நடுச் சீட்டாகவும் இருக்கலாம். தகுதி இல்லாமல் வாங்கினால் பணம் திரும்பாது என்று பல நிறுவனங்களின் விதியிலேயே எழுதியிருக்கும்.

இன்னொன்று தடுப்புச் சுவருக்கு எதிரே உள்ள முதல் வரிசை. சுவரில் குழந்தைத் தொட்டில் மாட்டுகிற இடமும் அதுதான், அதனால் பக்கத்தில் கைக்குழந்தை இருக்க நிறைய வாய்ப்பு. டேபிள் பக்கவாட்டில் கைப்பிடிக்குள் மடங்கியிருப்பதால் கைப்பிடியை மேலே தூக்க முடியாது, அகலமும் கொஞ்சம் குறையும். விமானம் ஏறும்போதும் இறங்கும்போதும் பையைக் காலடியில் வைக்க விடமாட்டார்கள். அம்மாவின் பிரஷர் மாத்திரை, கண்ணாடி, சால்வை எல்லாம் மேலே உள்ள பெட்டிக்குப் போய்விடும். உயரம் குறைவானவர் அதை எடுக்க ஒவ்வொரு முறையும் யாரையாவது கூப்பிட வேண்டும், அதற்குக் கூச்சப்பட்டே மாத்திரை போடாமல் இருந்துவிடுவார்கள். எனக்கு இதுதான் பெரிய கவலை.

அமெரிக்க நிறுவனங்களில் நிலைமை வேறு. யுனைடெட் 1999-லேயே எகானமி பிளஸ் என்று முன்பகுதியில் பல வரிசைகளைச் சில அங்குலம் தள்ளித் தள்ளி அமைத்தது. பிறகு டெல்டா, அமெரிக்கன் எல்லாம் அதே வழியில் வந்தன. அங்கே பெரும்பாலான வரிசைகளில் முன்னால் சீட் உண்டு, பையைக் காலடியில் வைக்கலாம், வீல்சேர் கேட்டவரும் உட்காரலாம். முழங்கால் ஆபரேஷன் ஆகி மடக்கச் சிரமப்படுபவர் என்றால் அதற்குப் பணம் கட்டுவது நியாயம். பிரீமியம் எகானமி என்பது இது எதுவும் இல்லை. சீட்டே அகலமானது, தனி கேபின், டிக்கெட் விலையே வேறு.

சரி, உங்கள் பெற்றோருக்கு என்ன செய்யலாம்? நடைபாதை ஓரச் சீட். சாதாரண வரிசையில் சீட் தேர்வுக்கு வாங்குகிற கட்டணம் இதைவிட மிகவும் குறைவு, அதைத் தயங்காமல் கட்டுங்கள். மூட்டுவலிக்காரர் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்து நடக்க வேண்டும், யாரையும் எழுப்பாமல் எழ முடிந்தால்தான் நடப்பார். ஜன்னலோரம் கொடுத்தால் பக்கத்தில் தூங்குகிறவரைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று தண்ணீர்கூடக் குடிக்காமல் உட்கார்ந்திருப்பார்கள். இது வெறும் சௌகரிய விஷயம் இல்லை. நான்கு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் பயணம் செய்தால் காலில் ரத்தம் உறையும் வாய்ப்பு ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது என்று உலக சுகாதார நிறுவனம் 2007-ல் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது. மொத்தத்தில் அது சுமார் 6,000 பேரில் ஒருவருக்குத்தான் நேர்கிறது, பயப்பட வேண்டாம். ஆனால் வயதும் உடல் எடையும் சேரும்போது ஆபத்து கூடும். காரணம் அசையாமல் இருப்பது. முன்னால் எத்தனை அங்குலம் இருந்தாலும் எழுந்திருக்காதவருக்கு அதனால் பலன் இல்லை.

எந்த நடைபாதை ஓரம் என்பதிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. ஜன்னல் பக்க மூன்று சீட்டில் ஓரத்தையும் நடுவையும் எடுத்தால், ஜன்னலோரத்து ஆள் கழிப்பறை போகும் ஒவ்வொரு முறையும் இரண்டு பேரும் எழுந்து வழிவிட வேண்டும். நள்ளிரவில் மூட்டுவலியோடு அது கொடுமை. விமானத்தின் மையத்தில் உள்ள தொகுதியில் ஓரத்தையும் அதை ஒட்டிய சீட்டையும் எடுங்கள். மூன்று சீட்டானாலும் நான்கு சீட்டானாலும், அந்தப் பக்கம் இருப்பவருக்கு அவருடைய நடைபாதை இருக்கும். இவர்களைத் தாண்டி யாரும் போக வேண்டியதில்லை. அம்மா ஓரத்தில், அப்பா உள்ளே. கழிப்பறைக்கு நான்கைந்து வரிசை தள்ளி இருந்தால் நல்லது. ஒட்டியே இருந்தால் வரிசையில் நிற்பவர்களும் கதவுச் சத்தமும் தூங்க விடாது.

டிக்கெட் எடுக்கும் முன்பே கேட்டிருந்தால் இன்னொன்றும் சொல்லியிருப்பேன்: எந்த விமானம் என்று பாருங்கள். இன்று பெரும்பாலான போயிங் 777-ல் ஒரு வரிசைக்குப் பத்துப் பேர், சீட் அகலம் ஏறக்குறைய 17 அங்குலம். ஏர்பஸ் ஏ350-ல் வழக்கமாக ஒன்பது பேர், 18 அங்குலம். தோளுக்கும் இடுப்புக்கும் அந்த ஓர் அங்குலம் நன்றாகவே தெரியும், அதற்குத் தனிக் கட்டணமும் இல்லை. அடுத்த முறை கவனியுங்கள். சென்னை–தோஹா நாலரை மணி நேரம்தான். அதில் பக்கத்து பக்கத்துச் சீட் கிடைத்தால் போதும்.

சீட்டுக்குக் கட்டிய பணத்தின் ரசீதைத் தனியாகச் சேமித்து வையுங்கள். ஏஜென்ட் மூலம் எடுத்திருந்தால், நிறுவனத்தின் தளத்தில் அதே சீட் எண் தெரிகிறதா என்று நீங்களே பாருங்கள். பயணத்துக்கு ஒரு வாரம் முன்பும், செக்-இன் திறந்ததும் மறுபடி பாருங்கள். விமானத்தை மாற்றினால் சீட் எண்களும் கலைந்துவிடும். கட்டணம் கட்டிய சீட்டைத் தராவிட்டால் அந்தப் பணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்று அமெரிக்கப் போக்குவரத்துத் துறை 2024-ல் விதி கொண்டு வந்தது. அமெரிக்காவுக்கு வரும் விமானங்களுக்கும் அது பொருந்தும், கேட்கத் தயங்காதீர்கள்.

அப்பாவின் உயரத்தையும் விமான வகையையும் கருத்தில் எழுதுங்கள், எந்த வரிசை சரியாக இருக்கும் என்று பார்த்துச் சொல்கிறேன்.