சர்வீஸ் ரெக்கார்டில் பிழையா? முன்னாள் படைவீரர் கேள்வி பதில்

முதலில் ஒரு வரிசையை மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். ரெக்கார்டு ஆபீசில் (உங்கள் படைப்பிரிவின் ஆவண அலுவலகம்) இருக்கும் ஷீட் ரோல், அதாவது உங்கள் பணி விவரமெல்லாம் பதிவாகும் தாள்தான் வேர். அதை வைத்துத்தான் பிரயாக்ராஜில் உள்ள பென்ஷன் கணக்கு அலுவலகம் ராணுவத்தாருக்கு பிபிஓ (பென்ஷன் வழங்கும் ஆணை) போடுகிறது. பிபிஓவில் உள்ளதுதான் ஸ்பர்ஷில் (பாதுகாப்புத் துறையின் பென்ஷன் இணையதளம்) ஏறுகிறது. பிழை எந்தப் படியில் நுழைந்தது என்று தெரியாமல் மனு போட்டால், ஒவ்வொரு ஆபீசும் உங்களை அடுத்த ஆபீசுக்கு அனுப்பும். இன்னொன்று: பணி முடிந்து வரும்போது தரும் டிஸ்சார்ஜ் புக்கின் அசலைத் தபாலில் அனுப்பாதீர்கள். நகல் மட்டும் போதும்.

ஓய்வுபெற்ற ஹவில்தார், ஆர்ட்டிலரி, கம்மவான்பேட்டை: சார், டிஸ்சார்ஜ் புக்கிலும் பிபிஓவிலும் மனைவி பெயர் லக்ஷ்மி என்பதற்கு எல், ஏ, எக்ஸ், எம், ஐ என்று போட்டிருக்கிறது. ஆதாரில் எக்ஸுக்குப் பதில் கே, எஸ், ஹெச். நாளைக்கு எனக்கு ஒன்று ஆகிவிட்டால் அவளுக்குக் குடும்ப பென்ஷன் நின்றுபோகுமா?

நின்றுபோகாது. ஆனால் கணவரைப் பறிகொடுத்த நேரத்தில் அந்தம்மாவை ஆபீஸ் ஆபீஸாக அலைய வைக்கும். இப்போதே சரிசெய்வது நல்லது.

இந்தப் பிழை நம்மவர்களுக்கு ஏன் இவ்வளவு வருகிறது என்றால், கல்யாணமாகி யூனிட்டுக்குத் திரும்பியவர் பெயரை வாயால் சொல்வார், தமிழ் தெரியாத கிளார்க் தன் காதுக்குக் கேட்டபடி எழுதுவார். தமிழ்ச்செல்வியின் ழகரம் ஒரு தாளில் எல் ஆகும், இன்னொன்றில் இசட் ஹெச் ஆகும். அந்த எழுத்தே பார்ட் டூ ஆர்டரில் (படைவீரரின் சொந்த விவர மாற்றங்களைப் பதியும் ஆணை) ஏறி, அங்கிருந்து ஷீட் ரோலுக்குப் போய் நிலைத்துவிடும்.

டிஸ்சார்ஜ் புக், பிபிஓ, ஆதார், பான், பேங்க் பாஸ்புக், வாக்காளர் அட்டை எல்லாவற்றையும் மேஜையில் பரப்பி, பெயரை எழுத்து எழுத்தாக ஒரு தாளில் எழுதுங்கள். ஆதார் ஒன்று மட்டும் மாறி நிற்கிறது என்றால் ஆதாரைத் திருத்துவதே சுருக்கு வழி, சேவை மையத்தில் ஒரு நாள் வேலை. ஆனால் ஆதாரில் பெயரை வாழ்நாளில் 2 தடவைதான் மாற்றலாம், அதனால் எந்த எழுத்து என்று முடிவுசெய்த பிறகே போங்கள். மற்ற எல்லாத் தாளிலும் கே, எஸ், ஹெச் இருந்து, ராணுவத் தாள் மட்டும் எக்ஸோடு நின்றால் ரெக்கார்டைத் திருத்த வேண்டும்.

அதற்கான மனு உங்கள் ரெக்கார்டு ஆபீசின் பொறுப்பு அதிகாரிக்கு. ஆர்ட்டிலரிக்கு நாசிக் ரோடு, மெட்ராஸ் ரெஜிமென்டுக்கு வெலிங்டன், எம்ஈஜிக்கு (மெட்ராஸ் இன்ஜினியர் குரூப்) பெங்களூரு, சிக்னல்ஸுக்கு ஜபல்பூர், ஈஎம்ஈக்கு (ராணுவ மின், இயந்திரப் பொறியியல் பிரிவு) செகந்திராபாத். மனுவின் தலையில் ஆர்மி நம்பர், ரேங்க், டிஸ்சார்ஜ் புக்கில் உள்ளபடியே உங்கள் பெயர், பிபிஓ எண், டிஸ்சார்ஜ் தேதி. கூடவே பிரமாணப் பத்திரம், பத்திரிகை விளம்பரம் இரண்டு (ஒன்று ஆங்கிலம், ஒன்று தமிழ்), டிஸ்சார்ஜ் புக்கின் குடும்ப விவரப் பக்கம், பிபிஓ, ஆதார், பான் நகல்கள், இருவரும் சேர்ந்த போட்டோ. மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் உதவி இயக்குநரின் மேலொப்பம் வாங்கி, அந்த அலுவலகம் வழியாகவே அனுப்புங்கள்.

மனு திரும்பி வருவது பெரும்பாலும் பிரமாணப் பத்திரத்தால்தான். டைப் அடிப்பவர் வழக்கம்போல "பெயரை மாற்றிக்கொண்டேன்" என்று அடித்துவிடுவார். நீங்கள் பெயரை மாற்றவில்லை, எழுத்துப் பிழையைத் திருத்தக் கேட்கிறீர்கள். "மாற்றம்" என்று எழுதினால் அரசிதழ் எங்கே என்று கேட்பார்கள். இரண்டு எழுத்துக்கூட்டையும் அப்படியே போட்டு, "இவ்விரு பெயர்களும் என் மனைவியாகிய ஒரே நபரையே குறிக்கும்" என்ற வரி கட்டாயம் இருக்க வேண்டும். உறுதிமொழி தருபவர் நீங்கள், ஏனென்றால் ரெக்கார்டு உங்களுடையது. மனைவி மட்டும் கையெழுத்திட்ட பத்திரம் நிற்காது. நோட்டரி போதுமா, முதல் வகுப்பு மாஜிஸ்திரேட் வேண்டுமா என்பதில் ரெக்கார்டு ஆபீஸுக்கு ஆபீஸ் வேறுபாடு உண்டு. முத்திரைத்தாள் வாங்கும் முன்பே நல அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.

ரெக்கார்டு ஆபீஸ் ஏற்றுக்கொண்டால் பார்ட் டூ ஆர்டர் வெளியாகும், பிறகு பிரயாக்ராஜிலிருந்து கோரிஜெண்டம் பிபிஓ (திருத்திய பிபிஓ) வரும். பார்ட் டூ ஆர்டர் வந்ததுமே வேலை முடிந்தது என்று பலர் விட்டுவிடுகிறார்கள். கோரிஜெண்டம் பிபிஓ கைக்கு வந்து, ஸ்பர்ஷில் புதுப் பெயர் தெரியும்வரை விடாதீர்கள்.

ஓய்வுபெற்ற நாயக், மெட்ராஸ் ரெஜிமென்ட், நாகர்கோவில்: பிபிஓவில் என் பெயர் இனிஷியலோடு இருக்கிறது. பான் கார்டில் அப்பா பெயர் முழுசாக வந்திருக்கிறது. ரெக்கார்டைத் திருத்த வேண்டுமா?

வேண்டாம். இனிஷியலை விரித்து எழுதுவது ரெக்கார்டில் உள்ள பிழை அல்ல. கடைசிப் பெயர் இடத்தில் வெறும் இனிஷியலை பான் ஏற்பதில்லை, அதனால் வந்த வித்தியாசம் இது. இரண்டு பெயரும் ஒருவரே என்ற பிரமாணப் பத்திரம் ஒன்றை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சர்வீஸ் ரெக்கார்டைத் தொடாதீர்கள்.

ஓய்வுபெற்ற லான்ஸ் நாயக், ஏஎஸ்சி (ராணுவ சப்ளை பிரிவு), தேனி: மழையில் வீடு ஒழுகி டிஸ்சார்ஜ் புக் நாசமாகிவிட்டது. டூப்ளிகேட் கிடைக்குமா?

டிஸ்சார்ஜ் புக் ஒரே ஒரு தடவைதான் தருவார்கள். தொலைந்தாலோ பாழானாலோ, அதற்குப் பதிலாகப் பணிச் சான்றிதழ் ஒன்று கிடைக்கும், எல்லா இடத்திலும் செல்லும். உங்களுடையது பாழானதுதான் என்பதால் மிஞ்சிய பக்கங்களைப் பத்திரமாக வையுங்கள், ஆர்மி நம்பர் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. தொலைத்தவர்கள் தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்தில் தொலைந்த ஆவண அறிக்கை பதிவுசெய்து, பிரமாணப் பத்திரத்தோடு நல அலுவலகம் வழியாக விண்ணப்பிக்க வேண்டும்.

ஓய்வுபெற்ற சிப்பாய், இன்ஃபன்ட்ரி, சிவகங்கை: மனைவி பெயர் முனியம்மாளில் ஒரு ஒய் விட்டுப்போச்சு...

முதல் பதிலைப் படியுங்கள். அதே வழிதான்.

ஓய்வுபெற்ற ஹவில்தார், ஈஎம்ஈ, திருவண்ணாமலை: ஐயா, என் பிறந்த தேதியே தப்பு. சேரும்போது ரெக்ரூட்டிங் ஆபீசில் 2 வருஷம் குறைத்து எழுதிவிட்டார்கள். பள்ளிச் சான்றும் ஆதாரும் என்னிடம் இருக்கு. 80 வயதுக்குக் கூடுதல் பென்ஷன் 2 வருஷம் தள்ளிப்போகுது. மாற்ற முடியுமா?

முடியாது. சேரும்போது உங்கள் கையெழுத்தோடு பதிவான தேதிதான் நிற்கும். பதவிக்காலத்தின் கடைசியில் வந்து பிறந்த தேதியை மாற்றக் கேட்பதை ஏற்க முடியாது என்று 1993இல் ஹர்னாம் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. நீங்கள் பணி முடித்து வீட்டுக்கே வந்துவிட்டீர்கள்.

அதே நண்பர்: ஆதாரை அரசாங்கம்தானே கொடுத்தது? அதை ராணுவம் ஏற்காதா?

ஆதார் நீங்கள் யார் என்பதற்குச் சான்று. பிறந்த தேதிக்கு அது சான்றாகாது, பள்ளிச் சான்றே மேல் என்று உச்ச நீதிமன்றம் 2024 அக்டோபரில் ஒரு விபத்து இழப்பீட்டு வழக்கில் சொன்னது.

ஓய்வுபெற்ற சுபேதார், சிக்னல்ஸ், மதுரை: குறுக்கே வருவதற்கு மன்னிக்கணும். அப்படியானால் பள்ளிச் சான்று வைத்திருக்கும் அவர் பக்கம்தானே நியாயம்? நீங்களே இப்போது பள்ளிச் சான்று மேல் என்கிறீர்கள்.

சேரும் அன்று அந்தச் சான்றைக் கொடுத்திருந்தால் நியாயம் அவர் பக்கம். முன்னாள் தரைப்படைத் தளபதி ஜெனரல் வி. கே. சிங் விஷயத்தைப் பாருங்கள். மெட்ரிக் சான்றில் 1951 மே 10. என்டிஏ (தேசிய பாதுகாப்பு அகாடமி) விண்ணப்பத்தில் 1950 மே 10. ராணுவத் தலைமையகத்திலேயே ஒரு பிரிவு ஒரு தேதியையும் இன்னொரு பிரிவு மற்றதையும் வைத்திருந்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. 1950ஐ ஏற்கிறேன் என்று அவரே முன்பு எழுதிக்கொடுத்த கடிதங்கள் குறுக்கே நின்றன. 2012 பிப்ரவரி 10 அன்று மனுவைத் திரும்பப் பெற்றார், அந்த மே மாதமே ஓய்வுபெற்றார். மெட்ரிக் சான்று கையில் இருந்தும் இந்த நிலை.

மதுரை சுபேதார்: அவர் ஆபீசர், படித்து கையெழுத்துப் போட்டார். 17 வயசுப் பையன் ரெக்ரூட்டிங் கூட்டத்தில் என்ன எழுதினார்கள் என்று எப்படிப் பார்ப்பான்?

உங்கள் ஆதங்கம் நியாயமானது. வெறும் ஜாதகத்தையும் ஊர்ப் பெரியவர் சொல்லையும் வைத்துச் சேர்ந்தவர்கள் அந்தக் காலத்தில் நிறைய உண்டு. ஆனாலும் அந்த தேதியை வைத்துத்தான் அவரைத் தகுதி என்று எடுத்தார்கள். 2 வருடம் குறைத்து எழுதியதாலேயே வயது வரம்புக்குள் வந்திருந்தால், இப்போது அதை மறுப்பது சேர்ந்ததையே கேள்விக்குள்ளாக்கும். இதை நீதிமன்றம் கட்டாயம் கேட்கும்.

திருவண்ணாமலை நண்பருக்கு ஒரு கதவு மட்டும் திறந்திருக்கிறது. ஷீட் ரோலில் ஒரு தேதியும் டிஸ்சார்ஜ் புக்கிலோ பிபிஓவிலோ வேறு தேதியும் இருந்தால், அது நகல் எடுத்த கிளார்க்கின் பிழை. திருத்தித்தான் தர வேண்டும். அதனால் முதலில் ஷீட் ரோலைப் பாருங்கள். ரெக்கார்டு ஆபீசின் பொதுத் தகவல் அலுவலருக்கு 10 ரூபாய் போஸ்டல் ஆர்டரோடு தகவல் உரிமை மனு: "என் ஷீட் ரோலின் சான்றளிக்கப்பட்ட நகல், பார்ட் டூ ஆர்டர் பதிவுகள் உட்பட." 30 நாளில் பதில் தர வேண்டும். அந்த நகல் வராமல் வேறு எந்தச் செலவும் செய்யாதீர்கள்.

கோயம்புத்தூரிலிருந்து மகன்: அம்மா குடும்ப பென்ஷன் வாங்குகிறார். 80 தாண்டிவிட்டது, பென்ஷன் கூடவில்லை. பிபிஓவில் அம்மாவின் பிறந்த தேதியே இல்லை.

தம்பி, இது வருந்தத்தக்க அளவுக்குப் பல வீட்டில் நடக்கிறது. பழைய பிபிஓக்கள் பலவற்றில் மனைவியின் பிறந்த தேதி இருக்காது, சிலவற்றில் பெயரே இருக்காது. தேதி இல்லையென்றால் கணினிக்கு 80 ஆனது தெரியாது.

80 முடிந்தால் 20 சதவீதம், 85க்கு 30, 90க்கு 40, 95க்கு 50, 100க்கு 100. அடிப்படைக் குடும்ப பென்ஷன் 12,000 என்றால் மாதம் 2,400, அதன் மேல் அகவிலைப்படி. 80 நிறையும் மாதத்தின் முதல் தேதியிலிருந்தே கணக்கு. பிறந்த தேதியோடு கூடிய பான், பள்ளிச் சான்று, பாஸ்போர்ட், டிரைவிங் லைசென்ஸ் இவற்றில் ஒன்றைக் கொடுத்து பிபிஓவில் தேதியை ஏற்றச் சொல்லுங்கள். உங்கள் அம்மா காலத்தவர்களுக்குப் பெரும்பாலும் பான் ஒன்றுதான் இருக்கும். பானில் 1943, வாக்காளர் அட்டையில் 1946 என்று இருந்தால் இரண்டையும் சேர்த்து அனுப்பாதீர்கள், முரண்பாட்டைக் காட்டித் திருப்பிவிடுவார்கள். முதலில் எல்லாத் தாளிலும் ஒரே தேதி வரும்படி சரிசெய்யுங்கள்.

நிலுவையைக் கேட்கத் தாமதிக்காதீர்கள். பென்ஷன் விஷயம் மாதாமாதம் தொடரும் குறை என்றாலும், வழக்கு என்று போனால் நிலுவை பொதுவாக மனு போட்ட நாளுக்கு முந்தைய 3 வருடத்துக்குத்தான். 2008 தர்ஸேம் சிங் தீர்ப்பு அப்படி.

ஓய்வுபெற்ற நாயக், விருதுநகர்: மகள் பெயரில் எழுத்துப் பிழை. என்ன செய்ய?

மனைவிக்குச் சொன்னதேதான். பள்ளிச் சான்றும் பிறப்புச் சான்றும் சேருங்கள். மகனோ மகளோ மாற்றுத்திறனாளி என்றால் மட்டும் ஒரு நாளும் தள்ளாதீர்கள், பெற்றோர் இருக்கும்போதே பிபிஓவில் அந்தப் பெயர் ஏற வேண்டும்.

ஓய்வுபெற்ற ஹவில்தார், தர்மபுரி: டிஸ்சார்ஜ் புக்கில் 1971 போர் மெடல் விட்டுப்போயிருக்கு.

ஷீட் ரோலில் அந்த மாதங்களில் நீங்கள் இருந்த யூனிட்டைப் பாருங்கள். கிழக்கு முனை என்றால் பூர்வி ஸ்டார், மேற்கு என்றால் பஷ்சிமி ஸ்டார். யூனிட் பெயரும் காலமும் குறிப்பிட்டு ரெக்கார்டு ஆபீசுக்கே எழுதுங்கள்.

ஓய்வுபெற்ற சிப்பாய், ராமநாதபுரம்: மெடிக்கல் போர்டு என் நோயை "சர்வீஸால் வந்ததல்ல" என்று எழுதிவிட்டது. ரெக்கார்டைத் திருத்த முடியுமா?

இது ரெக்கார்டு திருத்தம் அல்ல, மேல்முறையீடு. பாதை வேறு. ரிலீஸ் மெடிக்கல் போர்டு (பணி முடியும்போது பார்க்கும் மருத்துவக் குழு) அறிக்கையின் நகலை வாங்கி ஊனச் சதவீதத்தைப் பாருங்கள், 20க்குக் கீழ் என்றால் வழி குறுகல். சேரும்போது இல்லாத நோய் பின்னால் வந்தால், சர்வீஸால் வந்ததாகவே கொள்ள வேண்டும் என்பது 2013 தரம்வீர் சிங் தீர்ப்பின் சாரம். ஆனால் 2023 செப்டம்பர் 21க்குப் பிறகு வெளியே வந்தவர்களுக்குப் புது விதிகள். மேல்முறையீட்டுக்கு 6 மாதம் பதில் இல்லை என்றால் சென்னையில் உள்ள ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தை அணுகலாம். அதில் பழகிய வக்கீலிடம் காட்டுங்கள்.

டிஎஸ்சியில் (முன்னாள் படைவீரர்கள் மறுபடி சேரும் பாதுகாப்புப் பிரிவு) ஓய்வு, கன்னியாகுமரி: இரண்டு பென்ஷன் வாங்குகிறேன். மனைவி பெயரை ஒரு இடத்தில் திருத்தினால் போதுமா?

போதாது. உங்களுக்கு ஷீட் ரோல் இரண்டு. பழைய ரெஜிமென்டுக்கு ஒன்று, கண்ணூர் டிஎஸ்சி ரெக்கார்டுக்கு ஒன்று, தனித்தனி மனு. 2012 செப்டம்பர் 24 முதல் இரண்டுக்கும் குடும்ப பென்ஷன் உண்டு என்பதால் இரண்டிலும் ஒரே எழுத்து இருப்பது முக்கியம்.

ஓய்வுபெற்ற ஹவில்தார், கடலூர்: மனைவி பெயர் திருத்த 15,000 கேட்கிறார் ஒருவர். டிஸ்சார்ஜ் புக் அசலும் வேண்டுமாம். கொடுக்கலாமா?

கொடுக்காதீர்கள். அசலையும் பணத்தையும் சேர்த்து இழப்பீர்கள். முத்திரைத்தாள், விளம்பரம், தபால் தவிர இதில் செலவு இல்லை. ஸ்பர்ஷ் பாஸ்வேர்டும் ஓடிபியும் யாரிடமும் சொல்லக்கூடாது. வழி முதல் பதிலில் இருக்கிறது.



தஞ்சாவூரிலிருந்து பேரன்: தாத்தா 1960களில் பென்ஷன் இல்லாமல் வெளியே வந்தவர். ரெக்கார்டு ஆபீஸ் "ஆவணம் அழிக்கப்பட்டது" என்கிறது. இனி வழியில்லையா?

பென்ஷன் இல்லாதவர்களின் ஷீட் ரோலை 25 வருடத்துக்குப் பிறகு அழிக்க விதியே இருக்கிறது. ஆனால் லாங் ரோல் என்ற பெரிய பதிவேட்டை அழிப்பதில்லை. அதில் தாத்தாவின் நம்பர், சேர்ந்த தேதி, வெளியேறிய தேதி, காரணம் ஒரு வரியில் இருக்கும். "ஷீட் ரோல்" என்று கேட்டதால் இல்லை என்றிருப்பார்கள். தகவல் உரிமை மனுவில் "லாங் ரோல் பதிவின் நகல்" என்று எழுதுங்கள், ஆர்மி நம்பரை மறக்காமல் போடுங்கள். நம்பர் தெரியாவிட்டால் வீட்டில் மெடலைத் தேடுங்கள், அதன் விளிம்பில் நம்பரும் பெயரும் பொறித்திருக்கும்.